302 இனி கொலை அல்ல: நீதிமன்ற நாவல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மத நம்பிக்கையையும் மதங்களுக்கு இடையிலான பிணக்கையும் மையமாக வைத்து நீதிமன்ற மர்ம நாவல்களை எழுதும் தமிழ் எழுத்தாளர்களுக்கும், அவற்றை அச்சேற்றும் பதிப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

அச்சுக்குப் போகும் முன் என் பார்வைக்கு அனுப்பப்பட்ட ஒரு நாவலில், 2025ஆம் ஆண்டில் நடப்பதாகச் சொல்லப்படும் கதையில், காவல் ஆய்வாளர் ஒருவர் தர்கா வாசலில் நிற்கும் இளைஞனின் சட்டையைப் பிடித்து, "முந்நூத்தி ரெண்டுல உள்ளே தள்ளிடுவேன்" என்று மிரட்டுகிறார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 302 ஆக இருந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 103. நம் திரைப்படங்களும் மாத நாவல்களும் மனப்பாடமாக்கி வைத்திருக்கும் 302 என்ற எண், புதிய சட்டத்தில் வேறொரு குற்றத்துக்குப் போய்விட்டது: ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்று எண்ணியே அவர் காதுபட ஒரு சொல்லைச் சொல்வது, ஒலி எழுப்புவது, கண்படச் சைகை காட்டுவது. அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறை. ஆய்வாளர் தம்மை அறியாமலே பொருத்தமான எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார் என்று, கையெழுத்துப் படியை முடித்தபோது எனக்குத் தோன்றியது. கொலை வழக்கு என்று சொல்லித் தொடங்கிய அந்த நாவல், இறந்தவரை இருபதாம் பக்கத்தில் மறந்துவிட்டு, யார் மனம் புண்படும், யார் மனம் குளிரும் என்ற கணக்கிலேயே முந்நூறு பக்கம் ஓடியிருந்தது.

நான் தென் மாவட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உரிமையியல் வழக்குகளை நடத்தி வருபவன். சில ஆண்டுகளாகப் பதிப்பகத்தார் சிலர் இப்படிப்பட்ட கையெழுத்துப் படிகளை எனக்கு அனுப்பி, "சார், இதனால கேஸ் எதுவும் வருமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அந்த "மட்டும்" என்ற சொல்தான் இந்த மடலை எழுத வைத்தது. நான் இந்த வகை நாவல்களுக்கு எதிரி அல்லன். வாய்தாவுக்காக வெளியூர் போகும்போதெல்லாம் பேருந்து நிலையக் கடையில் ஒன்றை வாங்கி, ஊர் வந்து சேரும் முன் முடித்துவிடும் பழக்கம் உள்ளவன். ஆகவே என் குறைகளை ஒரு வாசகனின் முறையீடாகவும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டு எனக்கு வந்த நான்கு நாவல்களிலும் கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ உண்டு. ஒரு பிணம் உண்டு. கறுப்பு அங்கி அணிந்த நாயகன் உண்டு. ஒன்றில் முஸ்லிம் இளைஞன் மீது இருநூறு பக்கம் சந்தேகத்தை ஊற்றிவிட்டு, கடைசியில் கோயில் தர்மகர்த்தாவே கொலைகாரர் என்று திருப்பியிருந்தார்கள். இன்னொன்றில் அதே திருப்பம் எதிர்த்திசையில் வந்தது. மூன்றாவதில் வெளிநாட்டுப் பணம் வாங்கும் பாதிரியார் ஒருவர் வந்தார். அவர் ஒரு முறைகூடத் தனியாக உட்கார்ந்து ஜெபம் செய்யவில்லை. நான்காவதில் நீதிபதியே எல்லா மதமும் ஒன்றுதான் என்று நான்கு பக்கம் பிரசங்கம் செய்து தீர்ப்பு வழங்கினார். நான்கிலும் மதத்தின் வேலை ஒன்றுதான். வாசகனை ஏமாற்றுவதற்கான தடயமாக அது முன்னே வைக்கப்படுகிறது, பிறகு எடுத்துவிடப்படுகிறது. திருப்பம் எந்தப் பக்கம் திரும்பினாலும், ஒருவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பது அவன் கொலை செய்திருப்பானா என்ற கேள்விக்குத் துப்பாகும் என்ற நினைப்பு வாசகன் மனத்தில் தங்கிவிடுகிறது. நிரபராதி என்று கடைசியில் விடுவித்தாலும், அந்த இருநூறு பக்கத்துச் சந்தேகத்தை யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

நடைமுறைப் பிழைகளை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். நம் நீதிபதிகள் மேசையில் சுத்தியல் தட்டுவதில்லை. ஜூரிகள் என்று யாரும் இல்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அந்த முறை முற்றாகப் போயிற்று. கடைசி நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருபவரைச் சாட்சியாக ஏற்றிவிட முடியாது; மனு போட வேண்டும், எதிர்த்தரப்புக்கு நகல் தர வேண்டும், பெரும்பாலும் இன்னொரு வாய்தாவுக்குத் தள்ளிப்போகும். இவையெல்லாம் சிறு பிழைகள், வாசகர் மன்னித்துவிடுவார். ஆனால் சாட்சி பகவத் கீதையின் மீதோ குர்ஆன் மீதோ பைபிள் மீதோ கை வைத்துச் சத்தியம் செய்யும் காட்சியை மட்டும் என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. நம்பிக்கையைப் பற்றி எழுத வந்த எழுத்தாளர், நம்பிக்கை நீதிமன்றத்துக்குள் நுழையும் வாசலையே அங்கே தவறவிடுகிறார்.

ஒரு காலத்தில் இங்கே இந்துக்கள் கங்கை நீரின் மீதும் முஸ்லிம்கள் குர்ஆன் மீதும் ஆணையிட்டார்கள். அவர்களுக்கு அந்த வழக்கத்தை நீக்கி, வெறும் உறுதிமொழி போதும் என்று 1840ஆம் ஆண்டின் சட்டம் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த 1873ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு வினோதமான ஏற்பாடு இருந்தது. வழக்கில் ஒரு தரப்பார், "எதிர்த்தரப்பார் இன்ன முறையில் சத்தியம் செய்து சொன்னால் அதற்கு நான் கட்டுப்படுகிறேன்" என்று முன்வரலாம். எதிர்த்தரப்பார் அப்படியே சத்தியம் செய்து சொல்லிவிட்டால், சொன்னது அந்த விஷயத்தில் முடிவான சாட்சியம். கோயிலில் கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்வது நம் பக்கத்தில் இருந்த வழக்கம். கடன் பத்திரமும் சாட்சியும் ரசீதும் ஒரு பக்கம் கிடக்க, ஒரு மனிதன் சுடர் அணைவதைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறானா, பொய்யைச் சொல்லிவிட்டு ஆயுள் முழுக்கப் பயந்து சாகிறானா என்பதில் ஒரு சொத்தே கைமாறிவிடும். 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. இப்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். புத்தகம் எதுவும் தேவையில்லை. சத்தியத்தை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன அந்தக் காலத்து வாதியைப் பற்றி ஒரு தமிழ் மர்ம நாவலும் என் கண்ணில் பட்டதில்லை.

புத்தகம் இல்லாததால் நம்பிக்கையும் கூண்டில் ஏறுவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி சாட்சி சொல்ல வந்திருந்தார். நீதிமன்ற ஊழியரான டபேதார் பெயரை மூன்று முறை கூப்பிட்டதும் எழுந்து வந்தவர், கூண்டின் படிக்கு முன் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் ஏறினார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. குறுக்கு விசாரணைக்கு எழுந்த நான், அவர் வைத்திருந்த செருப்பைப் பார்த்துவிட்டு, எழுதி வைத்திருந்த முதல் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை. அவர் என் கட்சிக்காரருக்கு எதிராகப் பொய்தான் சொன்னார். பயபக்தியோடு சொன்னார்.

இந்த இடத்தில் நீங்கள் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் ஒரு மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் நாவல்களில் சாட்சிகள் ஆவேசமாக வசனம் பேசுகிறார்கள். கீழமை நீதிமன்றத்தில் தமிழில் பதியப்படும் சாட்சியத்துக்கு ஒரு விசித்திரமான நடை உண்டு. வழக்கறிஞர் கேட்ட கேள்வியும் சாட்சி சொன்ன பதிலும் சேர்ந்து, சாட்சியே தன் வாயால் சொன்னதுபோல ஒரே வாக்கியமாகிவிடும்: "நான் சம்பவ நாளில் பள்ளிவாசல் பக்கமே போகவில்லை என்றால் சரியல்ல." "எனக்கும் எதிரிக்கும் திருவிழாத் தகராறில் முன்விரோதம் உண்டு என்றால் சரிதான்." "மதத் துவேஷம் காரணமாக நான் பொய்ச் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல." ஒரு மனிதன் தன்மீது சாட்டப்பட்ட குற்றச்சாட்டைத் தன் குரலிலேயே சொல்லி, கடைசி ஒற்றைச் சொல்லால் அதை மறுக்கும் இந்த நடையில், பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த ஓர் இந்துக் கடைக்காரரின் மனம் என்னென்ன பாடு படும் என்பதை எழுதிக் காட்டலாம். மொழிபெயர்ப்பில் வராத, தமிழில் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. வெளிநாட்டு நாவல்களின் வழக்காடல் காட்சிகளைப் பார்த்துப் போடுவதில் அது கிடைக்காது.

கதைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஊர்வலம் போகும் வழியில் இருந்த பள்ளிவாசலை ஒட்டி எழுந்த தகராறு 1882 ஆகஸ்டில் கலவரமாக வெடித்து, பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. தூண்டிவிட்டவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர், அப்போதுதான் வக்கீல் தொழிலுக்கு வந்திருந்த, நகராட்சி உறுப்பினராகவும் இருந்த, முப்பது வயது விஜயராகவாச்சாரியார். பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். அதோடு விடவில்லை. நகராட்சிப் பதவியிலிருந்து தம்மை நீக்கியது தவறு என்று பிரிட்டிஷ் அரசின் இந்தியாவுக்கான அமைச்சர் மீதே வழக்குப் போட்டு, பதவியையும் நூறு ரூபாய் நட்ட ஈட்டையும் பெற்றார். அதே கலவர வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுதலைக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரைக்கும் போய் முறையிட்டார். 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான்.

இதை யாராவது நாவலாக எழுதினால், பொய் வழக்கில் சிக்கி மீண்ட வீர வக்கீலின் கதையாக அது முடிந்துவிடும் என்பதே என் கவலை. அவர் விடுதலையானார் என்பதால் பள்ளிவாசல் இடிக்கப்படவில்லை என்று ஆகிவிடுவதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் அந்தத் தெருவில் தொழுகைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் செப்டம்பரில் எங்கே போனார்கள்? அரசு தரப்புச் சாட்சிகளில் கண்ணால் கண்டதைச் சொன்னவர் யார், காவலர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னவர் யார், தன் இழப்புக்கு யாராவது ஒரு பெரிய மனிதர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற ஆத்திரத்தில் சொன்னவர் யார்? தவறான ஆளைத் தண்டித்த வழக்கில், சரியான ஆளைக் கடைசிவரை யாரும் தேடுவதில்லை. அந்தத் தேடல் இல்லாமை வாசகனின் தொண்டையில் நிற்கும்படி எழுதினால், உங்கள் கடைசிப் பக்கத் திருப்பங்கள் எல்லாவற்றையும்விட அது பெரிய அதிர்ச்சியாக இருக்கும்.

இன்னொன்று, மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றம் மலையைப் பற்றிய பழைய வழக்கு. மதுரை சார்பு நீதிமன்றம் 1923இல் ஒரு தீர்ப்பு, சென்னை உயர் நீதிமன்றம் 1926இல் ஒரு தீர்ப்பு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1931இல் இறுதித் தீர்ப்பு என்று மூன்று படி ஏறிய வழக்கு அது. அந்த மலையைப் பற்றிய தகராறுகள் இன்றும் நீதிமன்றத்தில் இருப்பதால், யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே பேசப் போவதில்லை. நாவலாசிரியர் கவனிக்க வேண்டியது வேறு. முருகனும் சிக்கந்தரும் குடியிருக்கும் மலை என்று இரு தரப்பும் நம்பும் ஓர் இடத்தைப் பற்றிப் பேச வந்த நீதிபதிகள், கடைசியில் பேசியது நெல்லித்தோப்பு யாருடையது, அங்கிருந்து மேலே போகும் படிக்கட்டு யாருடையது, பள்ளிவாசலும் கொடிமரமும் நிற்கும் பாறை உச்சி யாருடையது, மிச்சமுள்ள மலை யாருடையது என்பதைத்தான். முதல் மூன்றும் முஸ்லிம்களுக்கு, மிச்சம் தேவஸ்தானத்துக்கு என்று தீர்ப்பு பிரித்தது. நம்பிக்கை என்ற மாபெரும் விஷயம் நீதிமன்றத்துக்குள் வந்ததும் படிக்கட்டாகவும் தோப்பாகவும் சுருங்கிப்போவதில் ஒருவகை ஏமாற்றம் இருக்கிறது. படிக்கட்டைப் பற்றி என்றால் இரண்டு பேர் உட்கார்ந்து பேச முடியும் என்பதால் ஓர் ஆறுதலும் இருக்கிறது. மத வழக்குகளில் நான் கண்ட விறுவிறுப்பு எல்லாம் இந்தச் சுருங்கலில்தான் இருந்தது.

என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு சந்தில் சப்பரம் போகலாமா கூடாதா என்று தடை உத்தரவு கேட்ட உறுத்துக்கட்டளை வழக்கில், இடத்தைப் பார்த்து அளந்து அறிக்கை தரும்படி என்னை நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையராக நியமித்தது. சந்தின் ஒரு முனையில் சிறு அம்மன் கோயில், மறுமுனையில் பள்ளிவாசல். நில அளவையர் சங்கிலியைப் பிடிக்க, இரு தரப்பாரும் பின்னாலேயே வந்தார்கள். இரண்டு பக்கமும் எனக்கு இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். ஒருவர் கொடுத்ததைக் குடித்து மற்றவர் கொடுத்ததை மறுக்க முடியாது என்பதால், தெருமுனைக் கடையில் என் காசில் தேநீர் குடித்தேன். கோயில் முனையில் பதினொரு அடி நான்கு அங்குலம். பள்ளிவாசல் முனையில் ஒன்பதே அடி. இரண்டு அடியை விழுங்கியது சாக்கடை மேல் போடப்பட்டிருந்த புதிய சிமெண்டுப் பலகை. அதைப் போட்டது பள்ளிவாசலும் அல்ல, கோயிலும் அல்ல, உள்ளாட்சி மன்றம். சப்பரம் சுவரில் உரசியதற்கும், அதைப் பார்த்த பையன்கள் கல்லெடுத்ததற்கும், இரண்டு வருடமாக அந்தத் தெருவில் பெண்கள் பேசிக்கொள்ளாமல் இருந்ததற்கும் அந்தப் பலகைதான் தொடக்கம்.

அளந்து முடித்துத் திரும்பும்போது, பள்ளிவாசல் தரப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்தச் சப்பரத்துக்குத் தேக்குக் கொண்டு வந்து கொடுத்ததே எங்க அத்தா தான் சார். இதை எழுதிராதீங்க, எங்க ஆளுங்களே என்னை ஏசுவாங்க" என்றார். நான் எழுதவில்லை. ஆணையரின் அறிக்கையில் அளவு இருக்க வேண்டும், வரைபடம் இருக்க வேண்டும். அத்தா கொண்டு வந்த தேக்குக்கு அதில் இடமில்லை. அவர் அதை ஏன் என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு ஏன் மறைக்கச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. நாவலாசிரியர்களாகிய உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வருவது இந்த இடத்தில்தான்.

இனி, பதிப்பகத்தார் கேட்கும் "கேஸ் வருமா" என்ற கேள்விக்கு வருகிறேன். புகார் எங்கிருந்தும் வரலாம். ஆனால் மத நம்பிக்கையை அவமதிக்கும் எழுத்தைத் தண்டிக்கும் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 295ஏ, இப்போது 299, வெறும் மனவருத்தத்தைக் குற்றமாக்குவதில்லை; திட்டமிட்ட, கெட்ட எண்ணத்தோடு கூடிய நோக்கம் வேண்டும் என்கிறது. மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்தப் பிரிவு பிறந்த கதையே ஒரு நாவல்தான். லாகூரில் வெளியான ஒரு சிறு நூலுக்காகப் பதிப்பாளர் மீது வழக்கு நடந்து, 1927இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு இந்தப் பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1929இல் அந்தப் பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவனுக்காக மேல்முறையீட்டில் வாதாடியவர் முகம்மது அலி ஜின்னா. அங்கே கொல்லப்பட்டவர் பதிப்பாளர் என்பதைப் பதிப்பகத்தாரை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சட்டம் கைவிட்டது என்று ஒரு கூட்டம் நினைக்கும்போது என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரிலேயே, 1953இல் திருச்சியில் பெரியார் மண் பிள்ளையார் பொம்மையைப் போட்டு உடைத்தபோது ஒருவர் வழக்குத் தொடுத்தார். அது கோயிலில் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிலை அன்று, உடைத்தவரின் சொந்தப் பொருள் என்ற நோக்கில் கீழ் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம், புனிதம் என்பதற்கு அவ்வளவு குறுகலாகப் பொருள் கொண்டது தவறு என்று கீழ் நீதிமன்றங்களைக் கண்டித்தது. ஆனால் இவ்வளவு காலம் கழிந்துவிட்டதால் மேற்கொண்டு விசாரணை தேவையில்லை என்று அதோடு விட்டும்விட்டது. புகார்தாரர் சட்டத்தில் வென்றார், வழக்கில் தோற்றார். இப்படி ஒரு முடிவை உங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தால், "வாசகனுக்கு நிறைவு இல்லையே" என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அச்சத்தின் விளைவை நான் கையெழுத்துப் படிகளில் பார்க்கிறேன். வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில், மூன்று மதத்துக்கும் தலைக்கு ஒரு நல்லவர், தலைக்கு ஒரு கெட்டவர் என்று ரேஷன் கடையில் அளப்பதுபோல அளந்து போடுகிறீர்கள். கெட்ட அர்ச்சகர் வந்த அடுத்த அத்தியாயத்தில் நல்ல அர்ச்சகர் வந்தே தீருவார். அப்படி அளந்து வந்தவர்களில் ஒருவருக்காவது உயிர் இருந்து நான் பார்த்ததில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தை ஒன்றில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் மன்னிப்பும் உறுதியும் எழுதி வாங்கப்பட்டதும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி அவரை எழுதச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தீர்ப்பை ஒரு முறையாவது முழுதாகப் படித்துப் பாருங்கள். பிறகு ரேஷன் அளவு தேவைப்படாது. சொல்லப்போனால், கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையே இன்னும் எழுதப்படாத ஒரு நாடக மேடை. நீண்ட மேசையின் இரு பக்கமும் இரு சமூகத்தார், நடுவில் பிஸ்கட் தட்டு, சுவரோரம் காவல் துறை, ஒரு மூலையில் யாருக்கும் வேண்டாத அந்த ஒரு மனிதன்.

நம்பிக்கையை உள்ளிருந்து எழுதுங்கள் என்று கேட்பதற்கும் எனக்கு வழக்குகளே துணை. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை விடுங்கள். வகுப்பு முழுவதும் பாடிக்கொண்டிருக்க, வாயை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சில விநாடிகள் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்? பக்கத்தில் நிற்கும் தோழி முழங்கையால் இடித்திருப்பாளா? அந்த நாளுக்கு ஒரு நாவல் கொடுக்கலாம்.

மதமாற்றத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் பாத்திரங்கள் ஒன்று பணத்துக்காக மாறுகிறார்கள் அல்லது காதலுக்காக மாறுகிறார்கள். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கைப் படித்திருக்கிறீர்களா? அரசு 1982இல் செருப்புத் தைக்கும் ஆதி திராவிடர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியது. சூசை கிறிஸ்தவராக மாறியவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலை அதே ஊசியால் தைப்பவருக்குக் கிடைத்தது. மதம் மாறினால் சாதி போய்விடுமா என்ற கேள்வியோடு அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே கடுமையோடு அந்தக் குறைபாடுகள் தொடர்கின்றன என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985இல் மனு தள்ளுபடியானது. அவர் சிலுவையைக் கழற்றிவிட்டு கடையைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத் தீர்ப்பு பேசாது. ஒரு கொலையும் இல்லாமலே, கடைசிப் பக்கம் வரை பதறிப் பதறிப் படிக்க வைக்கக்கூடிய கேள்வி அது.

தமிழில் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1862இலேயே, அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர், கத்தோலிக்கர், எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியவர். நீதிமன்றம், நம்பிக்கை, நாவல் மூன்றும் நம் மொழியில் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. அவர் எழுதியது மர்ம நாவல் அல்ல. இன்று படித்தால் உபதேசம் தூக்கலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த மேசைக்கு நாம் திரும்பிப் போகாமல், யாரோ ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்தின் சுத்தியலைக் கடன் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே பதிப்பகத்தாரிடம் என் வேண்டுகோள்: இனி எனக்கோ வேறு வழக்கறிஞருக்கோ கையெழுத்துப் படியை அனுப்பும்போது, வழக்கு வருமா என்று கேட்பதோடு, வழக்கு இப்படித்தான் நடக்குமா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. எழுத்தாளர்களிடம் என் வேண்டுகோள்: நம் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த நீதிமன்றங்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்காரலாம். காலை பத்தரைக்கு முன் வந்துவிடுங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள், கால்மேல் கால் போடாதீர்கள். முதல் நாள் வாய்தா வாங்குவதைத் தவிர எதுவும் நடக்காது. இரண்டாம் நாளும் அப்படித்தான் இருக்கும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ யாராவது ஒருவர் கூண்டில் ஏறுவார்.

தர்கா வாசல் நாவலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். 302ஐ 103 என்று திருத்தியிருக்கிறேன். அந்த இளைஞனின் தாய் சாட்சி சொல்லும் 212ஆம் பக்கத்தில், அவர் குர்ஆன் மீது கை வைக்கும் வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன்: "இந்த அம்மா படியேறும்போது கையை எங்கே வைத்துக்கொண்டார்?" எழுத்தாளரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓர் உரிமையியல் வழக்கறிஞர், உங்கள் வாசகர்